புகை போகும் வழி

அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளிலிருந்தே அந்த அம்மாவுக்குக் காலையில் தலைவலி. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். கூடவே லேசான குமட்டல்.

"விமானத்துல வந்த அசதிம்மா. ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றான் மகன்.

"குளிரு ஒத்துக்கல. காதுல பஞ்சு வெச்சுக்க" என்றார் கணவர். அவருக்கும் தலை கனமாகத்தான் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

2018 டிசம்பர் நடுவில் அவர்கள் அங்கே போனார்கள். மருமகளுக்கு ஜனவரியில் பிரசவத் தேதி. பெரம்பலூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்தை விட்டு இருவரும் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. அயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் நகரிலிருந்து அரை மணி நேர தூரத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீட்டை மகன் வாங்கியிருந்தான். மாடி வீடு, மரச்சுவர். கண்ணுக்கு எட்டிய வரை பனி. அதற்கு அடியில் அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டைகள்.

அந்த இடத்துக்குக் குழாய் வழியாக எரிவாயு வராது. கொல்லையில் பெரிய புரொப்பேன் தொட்டி நின்றது. அதை நிரப்பி வீடு முழுவதையும் சூடாக்கினால் குளிர்காலச் செலவு கையைக் கடிக்கும். அதனால் மகன் ஒரு வேலை செய்திருந்தான். வீடு மாறிப் போன ஒருவரிடமிருந்து மக்காச்சோளம் எரிக்கும் பழைய அடுப்பு ஒன்றை மலிவாக வாங்கி, நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில், வீடியோ பார்த்துத் தானே பொருத்தியும் விட்டான்.

அம்மா முதல் நாள் அதன் முன்னே போய் நின்றார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் தீ. மேலே மூடியைத் திறந்தால் உள்ளே மணி மணியாக மக்காச்சோளம்.

"கண்ணு, இது சோளந்தானே? இதையா எரிக்கிறீங்க?"

"ஆமாம்மா. இங்க இது நிறைய விளையுது."

அம்மாவுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. பெரம்பலூரில் அவர்கள் வீட்டிலும் மக்காச்சோளம்தான் வெள்ளாமை. விளைந்ததை வியாபாரி வந்து எடுத்துப் போவார், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு. அந்த 2018-ல்தான் படைப்புழு புதிதாக வந்து குருத்தைத் தின்றது. இரண்டு ஏக்கரில் பாதி கூடத் தேறவில்லை. அங்கே புழு தின்றது போக மிஞ்சியதைக் காசாக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இங்கே அதே மணியைத் தீயில் கொட்டுகிறார்கள்.

ஆனாலும் சொல்லவில்லை. மகன் வீடு, மகன் காசு.

அந்த அடுப்பு வேலை செய்யும் விதத்தை மகன் பெருமையாகச் சொன்னான். மேலே உள்ள பெட்டியில் மணியைக் கொட்ட வேண்டும். ஒரு திருகு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். ஒரு மின்விசிறி காற்றை ஊதித் தீயை வளர்க்கும். சூடான காற்றை இன்னொரு விசிறி அறைக்குள் அனுப்பும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட் அடுப்பும் இதே மாதிரிதான்; அமெரிக்காவில் 1980-களில் பரவியது. மக்காச்சோள அடுப்புக்கு 2005, 2006 வாக்கில் பெரிய மவுசு. எரிவாயு விலை ஏறிக் கிடந்தது, சோளம் மலிவாகக் கிடைத்தது. பிறகு சோள விலையும் ஏறியதும் பலர் அடுப்பை விற்றுவிட்டார்கள். அப்படி விற்ற ஒன்றுதான் இது.

"புகை எங்க போகுது?" என்று கேட்டார் அம்மா.

"பின்னாடி ஒரு குழாய் இருக்குல்ல? சுவரைத் துளைச்சு வெளிய விட்டிருக்கேன்."

அம்மா வெளியே போய்ப் பார்த்தார். சுவரிலிருந்து ஒரு சாணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது குழாய். அதற்கு நேர் மேலே, கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஒரு ஜன்னல். அவரும் கணவரும் படுத்திருந்த மாடி அறையின் ஜன்னல். பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தொட்டில் போடவும் அந்த அறையைத்தான் பேசி வைத்திருந்தார்கள். வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான் என்பது காரணம்.

நாட்கள் ஓடின. சனிக்கிழமை எல்லோரும் கடைக்குப் போனால் அம்மாவுக்குத் தலைவலி விட்டுவிடும். திரும்பி வந்து ஓர் இரவு தூங்கி எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மருமகளும், "எனக்கும் தலை சுத்துது அத்தை. மாசமா இருக்கறதாலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

ஒரு நாள் அடுப்புக்குப் பின்னால் துடைக்கப் போன அம்மாவின் கண்ணில் அது பட்டது. குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்துக்கு நேராக, வெள்ளைச் சுவரில் பென்சிலால் இழுத்தது போல ஒரு சாம்பல் கோடு. விரலால் தொட்டார். கரி ஒட்டியது. முப்பது வருஷம் விறகு அடுப்பின் முன் உட்கார்ந்தவருக்கு அது புரிய யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தம்பி, புகை வீட்டுக்குள்ள கசியுது."

மகன் சிரித்தான். "அம்மா, இது நம்ம ஊரு அடுப்பு இல்ல. எல்லாம் மெஷின். புகை வந்தா கண்ணு எரியாதா? இருமல் வராதா?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆபத்தும் அங்கேதான் இருந்தது. புகைக்கு நிறம் உண்டு, நாற்றம் உண்டு, கண்ணைக் கரிக்கும். சரியாக எரியாத தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு இது எதுவும் கிடையாது. பார்க்க முடியாது, முகர முடியாது. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. பிறகு தூக்கம். தூங்கியவர் எழுந்திருக்காமலே போகலாம். அமெரிக்காவில் தீ விபத்தில் அல்லாமல், தற்செயலாக இந்த வாயுவைச் சுவாசித்தே ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இது இன்னும் கொடியது.

மாமியார் சொன்னதை மருமகள் மட்டும் மனதில் போட்டு வைத்தாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கடையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றை மாமனார் மாமியார் அறைக்கு வெளியிலும் மாட்டினாள். "இருபத்தஞ்சு டாலர்தானே. அத்தை மனசுக்கு நிம்மதியா இருக்கட்டுமே" என்றாள் கணவனிடம்.

ஜனவரி முதல் வாரம். வெளியே பனிக்காற்று. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் ஒரு தடவை போய் வந்தது, மறுபடி போனது. கொஞ்ச நேரத்தில் மாடி அலாரம் கத்தியது. நான்கு முறை கத்தும், நிற்கும். மறுபடி நான்கு முறை.

மகன் தூக்கக் கலக்கத்தில், "பேட்டரி போயிருக்கும்" என்று அதைக் கழற்றப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல வெளிய போவோம். அப்புறம் பேட்டரியப் பாரு."

எட்டு மாதம் தாண்டிய வயிற்றுடன் மருமகள், கம்பளியைப் போர்த்திய மாமனார், அம்மா, மகன் என்று நால்வரும் வெளியே வந்தார்கள். திறந்த வெளியில் நின்ற காரில் ஏறி, 911-க்குப் போன் செய்துவிட்டு, பக்கத்துப் பண்ணைக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். அங்கே தனியாக இருந்த முதிய விவசாயி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

தீயணைப்பு வீரர்கள் மீட்டருடன் வீட்டுக்குள் போனார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "கொஞ்ச நாளாகக் காலையில் யாருக்காவது தலைவலி இருந்ததா?"

மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பதில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மருத்துவமனையில் நால்வருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிஜன் கருவியை இதில் நம்ப முடியாது. ரத்தத்தில் ஒட்டிய இந்த வாயுவையும் ஆக்ஸிஜன் என்றே அது கணக்குப் போட்டுக் காட்டிவிடும். மருமகளுக்கு முகமூடி வழியாகப் பல மணி நேரம் ஆக்ஸிஜன் கொடுத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விடிந்த பிறகுதான் மருத்துவர், "குழந்தை நன்றாக இருக்கிறது" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நான் கேட்டிருக்கணும்மா."

"சரி விடு. இனிமே கேளு."

அடுப்பை அணைத்து வைத்து, பத்து நாள் புரொப்பேனிலேயே ஓட்டினார்கள். பிறகு இந்த வேலைக்கென்று சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பக்காரர் ஒருவர் வந்தார். குழாயைக் கழற்றித் தரையில் வைத்து மகனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மாவும் பக்கத்தில் நின்றார். மகன் தமிழில் சொல்லச் சொல்ல, அவருக்கு எல்லாம் புரிந்தது.

முதல் தவறு, குழாய். பழைய ஆள் கொடுத்த ஒற்றைத் தகட்டுக் குழாயையே மகன் போட்டிருந்தான். இந்த அடுப்புக்கு இரட்டைச் சுவர் கொண்ட, இதற்கென்றே சோதித்து முத்திரை பெற்ற குழாய் வேண்டும். மக்காச்சோளம் எரிந்தால் வரும் புகையில் அமிலத் தன்மை அதிகம்; சாதாரணத் தகட்டை அரித்துவிடும். அதனால் உள்குழாய் சோளத்துக்கு ஏற்ற துருப்பிடிக்காத உலோகமாக இருக்க வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் அலுமினியக் குழாயைப் போடுகிறவர்களும் உண்டு. அது நேராக ஆபத்துதான்.

இரண்டாவது, மூட்டு. விறகு அடுப்பில் சூடான புகை தானே மேலே ஏறும். புகைபோக்கி அதை இழுத்துக்கொள்ளும். நடுவில் சின்ன ஓட்டை இருந்தால் வீட்டுக் காற்றுதான் உள்ளே போகும். இந்த அடுப்பில் விசிறி புகையைப் பிடித்துத் தள்ளுகிறது. ஊதிய பலூன் போல, குழாய்க்குள் அழுத்தம் அதிகம். ஊசித் துளை இருந்தாலும் புகை வீட்டுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மூட்டையும் அதிக வெப்பம் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். சுவரில் அம்மா பார்த்த சாம்பல் கோடு இதனால் வந்ததுதான்.

மூன்றாவது, குழாய் முடியும் இடம். திறக்கக்கூடிய ஜன்னலுக்கோ கதவுக்கோ கீழே என்றால் 4 அடி தள்ளி, பக்கவாட்டில் என்றாலும் 4 அடி தள்ளி, மேலே என்றால் குறைந்தது 1 அடி உயரத்தில்தான் புகைவாய் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பனி குவிந்து மூடிவிடாத உயரமும் வேண்டும். மகன் வைத்தது ஜன்னலுக்கு இரண்டு அடி கீழே. பழைய ஜன்னல் இடுக்கு வழியாக அது ராத்திரி முழுக்க அம்மா அப்பா அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது, மின்சாரம். மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும். கிண்ணத்தில் கிடக்கும் மணிகள் காற்றில்லாமல் புகைந்துகொண்டே இருக்கும். குழாய் நேராகச் சுவருக்கு வெளியே போனால் அந்தப் புகைக்கு ஏறிப் போக வழி இல்லை; வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் வரும். குழாயைச் சில அடியாவது செங்குத்தாக ஏற்றிவிட்டால், விசிறி இல்லாதபோதும் புகை தானே மேலே போகும்.

இதைக் கேட்டதும் அம்மா சொன்னார்: "அதானே. புகைக்கு மேல போகத்தான் தெரியும். பக்கவாட்டுல போடான்னா போகுமா?"

மகன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த மனிதர் சிரித்து, அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

புதிய குழாய் வந்தது. மரச்சுவரைத் தொடாதபடி, குழாய் செய்தவர்கள் சொன்ன இடைவெளி விட்டு, தீப்பிடிக்காத வளையத்துக்குள் அதை நுழைத்தார்கள். சாம்பலைத் தட்டி எடுக்க அடியில் திறப்பு வைத்தார்கள். எரிவதற்கான காற்றை வீட்டுக்குள்ளிருந்து உறிஞ்சாமல் வெளியிலிருந்து எடுக்கத் தனிக் குழாய் போட்டார்கள். அடுப்புக்கு அடியில் தீப்பிடிக்காத பலகை. விசிறிக்கு ஒரு பேட்டரி. கவுண்டி அலுவலகத்தில் அனுமதிக்கு மனு கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக் காப்பீட்டுக்காரர்களுக்கும் மகன் எழுதித் தெரிவித்தான். முதலில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு பங்கு செலவு. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமே பேரன் பிறந்தான்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் பிள்ளையைப் பார்க்க வந்தபோது இரண்டு வாளி சோளம் கொண்டுவந்தார். அம்மாவின் மனதில் இருந்த முள் அப்போதுதான் வெளியே வந்தது. "சாப்பிடறத எரிக்கலாமான்னு கேளுடா" என்றார் மகனிடம்.

பெரியவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அந்த மாநிலத்தில் விளையும் சோளத்தில் பெரும்பகுதி வாகன எரிபொருளாகவும் கால்நடைத் தீவனமாகவும்தான் போகிறது. இவர் கொண்டுவருவது உடைந்ததும் விலை போகாததும். அதையும் காய வைத்துச் சலித்துத்தான் கொடுக்கிறார். ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் சரியாக எரியாது, புகைதான் அதிகம். விதைக்கென்று மருந்து பூசிய சோளத்தை மட்டும் எந்தக் காலத்திலும் எரிக்கக் கூடாது; அந்தப் புகை நஞ்சு. "என் அப்பாவும் இப்படித்தான் கேட்டார்" என்றார் கடைசியாக. அம்மாவுக்கு முழுச் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னைப் போலவே ஒரு வெள்ளாமைக்காரர் அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

ஜனவரி 30, 31. அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் துருவக் குளிர் இறங்கிய நாட்கள். 31-ஆம் தேதி சீடர் ராப்பிட்ஸில் மைனஸ் 30 டிகிரி ஃபாரன்ஹீட். நமது கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 34 செல்சியஸ். வெளியே வெறும் தோலைக் காட்டினால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அந்த இரவு அம்மா தூங்கவில்லை. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே அடுப்பு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. சுவரில் அலாரத்தின் பச்சை விளக்கு. பேரன் இரண்டு முறை எழுந்து பால் குடித்துவிட்டுத் தூங்கினான்.

காலையில் மகன் வந்து, "தலைவலி இருக்காம்மா?" என்று கேட்டான்.

"இல்ல சாமி."

அதன் பிறகு சாம்பல் எடுக்கும் வேலையை அம்மாவே ஏற்றுக்கொண்டார். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, மரப் படியில் வைக்காமல், வீட்டை விட்டுத் தள்ளி வெறும் மண் தரையில் வைப்பார். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது அவருக்கு ஊரிலேயே தெரிந்த பாடம்.

மே மாதம் ஊர் திரும்பினார்கள். வந்த மறுநாள் காலை, கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் விறகை வைத்து ஊதும்போது புகை முகத்தில் அடித்தது. அம்மா இருமினார். எத்தனையோ வருஷத்து இருமல் அது. சமையலுக்குக் காஸ் வந்த பிறகும் குளிக்கிற தண்ணீருக்கும், நெல் அவிக்கவும், விருந்து வந்தால் பெரிய அண்டா வைக்கவும் அந்த அடுப்புதான். தாழ்வான ஓட்டுச் சாய்ப்பு, ஒரு சின்ன ஜன்னல், கூரை முழுக்கக் கரி. வீட்டுக்குள் சேரும் இத்தகைய அடுப்புப் புகையால் 2020-ல் உலகத்தில் 32 லட்சம் பேர் உயிர் இழந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது. மகன் வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போல இருந்த கரியைக் கண்டுபிடித்தவர், தன் வீட்டில் சுவரே கரியாக இருப்பதை அன்றுதான் நின்று பார்த்தார்.

"ஏங்க, கொத்தனாரைக் கூப்பிடுங்க."

"என்னத்துக்கு?"

"புகைக்கு ஒரு வழி வேணும்."

ஒரே நாள் வேலை. அடுப்பைச் சுவரோரம் தள்ளி மண்ணால் மூடிக் கட்டி, பின்னால் சிமென்ட் குழாய் வைத்து, ஓட்டுக்கு மேலே மூன்று அடி ஏற்றி, மழை இறங்காமல் தொப்பி போட்டார்கள். எதிர்ச் சுவரில் காற்று வர ஒரு ஜன்னல் பெரிதானது.

அன்று மாலை மகன் வீடியோவில் வந்தான். அம்மா வழக்கம் போலத் தொடங்கினார்: "அலாரத்துல பச்சை எரியுதா? குளிர்காலம் வர்றதுக்குள்ள குழாயைத் துடைக்கச் சொல்லிட்டியா?"

"எல்லாம் சொல்லியாச்சும்மா. பேட்டரிகூட மாத்திட்டேன். நீங்க இருமாமப் பேசறீங்களே, என்ன மருந்து?"

அம்மா பதில் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொல்லைப்புறக் கூரையைக் காட்டினார். புதுக் குழாயின் உச்சியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, வேப்பமரத்தையும் தாண்டி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.